பொட்டு வைத்த போல்ட்டு

ஆயுத பூஜை முடிந்து ஒன்பதாம் நாள், குரும்பகரம் வயல் வரப்பில் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க, முத்தையனின் விஞ்சு இரண்டாம் முறையாக அவன் மானத்தை வாங்கியது.

விஞ்சு என்பது அவனுடைய பழைய பட்டாளத்து ஜீப்பின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் இழுவை மோட்டார். உருளையில் கம்பிக் கயிறு. கொக்கியை மாட்டி ஸ்விட்சை அழுத்தினால் பாட்டரி கரண்டில் கயிறு சுருண்டு, சேற்றில் புதைந்த டிராக்டரும் கரையேறிவிடும். எண்பத்து நாலாம் வருஷத்தில் நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்திலேயே அப்படி ஒரு வண்டி அதுதான். ‘விஞ்சு முத்தையன்’ என்றால்தான் ஆள் தெரியும். இப்போது அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கயிறு தளர்ந்தே கிடந்தது.

நூறடிக்கு அப்பால் தெட்சிணாமூர்த்தியின் டிராக்டர் அச்சு வரை இறங்கி நின்றது. நாலு மணிக்கு வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதே பெரும்பாடு. வருகிற தண்ணீரை ஒரு டிராக்டருக்காக யாரும் அடைக்க மாட்டார்கள். வந்தால் எஞ்சின் முழுகும்.

“முத்தையா, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு,” என்றார் தெட்சிணாமூர்த்தி. “இழுத்துட்டீன்னா சரி. இல்லன்னா இந்த மழைக்காலம் பூரா நாங்க வேற வண்டியத்தான் கூப்புடுவோம். திருநள்ளாத்துக்கு ஒண்ணு வந்துருக்காமே.”

“இழுத்துடுறேங்க,” என்றான் முத்தையன். மழைக்காலத்து மூன்று மாசம்தான் அந்த ஜீப்புக்குச் சோறு போடுவது. அது போனால் ஜீப்பும் போகும்.

டிராக்டர் பக்கம், முழங்கால் சேற்றில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான் காத்தமுத்து. முத்தையனின் மனைவி அஞ்சுகத்தின் தம்பி. ஆறு வருஷமாக ஒரே வீட்டில் சாப்பாடு, ஒரே வண்டியில் வேலை. “மாமா, அந்த பாய் போட்ட சாமான் அப்புடி! நான் அன்னிக்கே சொன்னேன்ல!” என்று அங்கிருந்தே கத்தினான்.

அன்றைக்கு என்றால், ஐந்து நாளைக்கு முன்னால். அம்பகரத்தூரில் ஒரு பாரவண்டியை நாலடி இழுத்துவிட்டு விஞ்சு நின்றுபோனது. அதற்கு வயரிங் செய்தவர் காரைக்காலில் எலெக்ட்ரீசியன் கடை வைத்திருக்கும் சேக் பரீது. பழைய சாமானைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று காத்தமுத்து ஓதினான். முத்தையனுக்கு முன்கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. காத்தமுத்துவையும் கூட்டிக்கொண்டு நேரே கடை வாசலில் போய் நின்று, தெருவே கேட்கும்படி, “திருட்டுப் பய வேலை!” என்று கத்திவிட்டு வந்தான். பரீது பதிலுக்குக் கத்தவில்லை. “எர்த்தப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். அதைக் காதில் வாங்கவா இவன் போயிருந்தான்? வீட்டுக்கு வந்து அழுத்திப் பார்த்தபோது பாரமில்லாத உருளை சுற்றத்தான் செய்தது; சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டான்.

இப்போது கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். ஹாரனை அடித்தான், ஊரைக் கூட்டியது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு விஞ்சை அழுத்தினான். மோட்டார் கரண்டைக் குடித்தால் விளக்கு மங்க வேண்டும். துளிகூட மங்கவில்லை. பாட்டரியில் குறையில்லை, மோட்டாருக்குள் கரண்ட் ஓடவில்லை, அதுதான் சங்கதி.

வயரில் கோத்த சின்ன பல்பு ஒன்று வைத்திருந்தான். வேடிக்கை பார்த்த ஒருவரிடம் ஸ்விட்சைக் கொடுத்து அழுத்தச் சொன்னான். வயரின் ஒரு நுனியை மோட்டாருக்குக் கரண்ட் வந்து சேரும் இடத்தில் வைத்து, மறு நுனியை ஜீப்பின் சட்டத்தில் தொட்டான். பல்பு எரிந்தது. மோட்டார் வாசல் வரைக்கும் கரண்ட் வருகிறது! பரீது போட்ட சாமான் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மறு நுனியை மோட்டாரின் உடம்பிலேயே தொட்டான். பல்பு செத்துப்போனது.

போகிற கரண்ட் திரும்பி வர வழியில்லை. விஞ்சு உட்கார்ந்திருப்பது மரக்கட்டை மேல். அதன் உடம்பையும் ஜீப்பின் சட்டத்தையும் சேர்ப்பது ஒரே ஒரு தடித்த வயர், அந்த எர்த் வயர்தான். சட்டத்தில் ஒரு போல்ட்டில் அது முடிகிறது. ‘எர்த்தப் பாத்தீங்களா?’ முத்தையனுக்குக் காது மடல் சுட்டது.

போல்ட்டின் தலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஆயுத பூஜையன்று அவனே தன் விரலால் வைத்த பொட்டு. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரும்வரை அந்த இடத்தில் ஸ்பேனர் போடக் கூடாது என்பது அவன் பிடித்துவைத்திருந்த வழக்கம். அம்பகரத்தூரில் நின்றபோதும் மற்றதையெல்லாம் உருட்டிப் பார்த்தானே தவிர, பொட்டு வைத்த போல்ட்டைத் தொடவில்லை. சாமி காரியத்தில் கை வைக்கிற துணிச்சல் அவனுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

இன்றைக்கு வைத்தான். போல்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்பேனரைப் போட்டான். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. போல்ட் கழன்று வந்தது. வயரின் வளையத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, சைக்கிள் டியூப் ரப்பர். வளையம் இரும்பில் ஒட்டாதபடி, வட்டமாக, நடுவில் துளை போட்டு, பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. போல்ட்டின் மரை ஓரமாக உரசிக்கொண்டிருந்ததால்தான் அன்றைக்கு நாலடியாவது இழுத்தது. அந்த ஓரமும் இப்போது கருகிக் கிடந்தது.

எலி கடித்ததல்ல, துரு பிடித்ததல்ல. ஆள் வைத்தது. பொட்டு கலையாமல் இருந்ததால், பூஜைக்கு முன்னாலேயே வைத்தது. பூஜைக்கு முதல் நாள் வண்டியைக் கழுவிப் பெயின்ட் அடித்தவன் காத்தமுத்து ஒருவன்தான். “நீங்க பொரிகடலை வாங்கிட்டு வாங்க மாமா, வண்டிய நான் பாத்துக்குறேன்,” என்று அனுப்பிவைத்தான். அந்த வெட்டு யாருடையது என்று முத்தையனுக்குத் தெரியாதா? ‘அவன் கை சுத்தம் யாருக்கும் வராது’ என்று எத்தனை பேரிடம் மெச்சியிருக்கிறான்! பொட்டு வைத்த இடத்தில் மாமா கை வைக்க மாட்டார் என்பதும் கூடவே இருந்து உண்டவனுக்குத்தானே தெரியும்? அவன் ரப்பரை வைத்தான். அதன் மேல் இவன் சந்தனம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முத்தையனுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை; அழுகைதான் வரப் பார்த்தது. தலையை நிமிர்த்தி வயலைப் பார்த்தான். காத்தமுத்து கொக்கியைப் பார்க்கவில்லை. முத்தையனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரப்பரைச் சட்டைப் பையில் போட்டான். பையில் ஒரு சாவி தட்டுப்பட்டது. ஜீப்புக்கு வெட்டிய இரண்டாவது சாவி. விஜயதசமியன்று காத்தமுத்து கையில் கொடுத்து, ‘இனிமே நீ ஓட்டு’ என்று சொல்வதாக இருந்தான். சாவி வெட்டுகிறவன் இழுத்தடித்து நேற்றுத்தான் கொடுத்தான். இன்றைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று காலையில் அஞ்சுகத்திடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சட்டத்து இரும்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, வயரை வைத்து முறுக்கினான். ஸ்விட்சை அழுத்தினான். விஞ்சு உறுமியது. கயிறு விறைத்தது. டிராக்டர் ஒருமுறை அசைந்து கொடுத்து, சேற்றை வழித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கரையேறியது. வரப்பில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

“ஒன் வண்டி ஒன் வண்டிதான்யா!” என்றார் தெட்சிணாமூர்த்தி. “இனி திருநள்ளாத்து வண்டி எதுக்கு? ஒன் மச்சினன்கிட்டயும் சொல்லிடு. தான்தான் அத ஓட்டப் போறேன்னு நேத்து எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனான். ஒனக்குத் தெரியும்தானே?”

“தெரியுங்க,” என்றான் முத்தையன்.

எல்லாரும் டிராக்டரைச் சுற்றி நின்றபோது காத்தமுத்து ஜீப்பருகே வந்தான். மறைக்கவும் இல்லை, காலில் விழவும் இல்லை.

“ஆறு வருசமா சேத்துல நின்னு கொக்கி மாட்டுறேன் மாமா. ஒரு நாளாச்சும் ஸ்டீரிங்க எங்கையில குடுத்தீங்களா? திருநள்ளாத்துக்காரன் மொத நாளே ஓட்டுன்னுட்டான். ஒங்க வண்டி ஓடுற வரைக்கும் அவன் வண்டிய யாரு கூப்புடுவா?”

“கேட்டுருக்கலாமேடா.”

“கேட்டா குடுத்துருவீங்களாக்கும்!”

முத்தையனின் கை சட்டைப் பைக்குள் போனது. சாவியின் பல் விரலில் குத்தியது. கை வெளியே வந்தபோது அதில் ரப்பர்தான் இருந்தது. “இந்தா, ஒன் சாமான்,” என்று அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

நேரே காரைக்காலுக்கு விட்டான். சேக் பரீது கடையில் தனியாக இருந்தார்.

“எர்த்துதான் பாய்.”

“தெரியும்,” என்றார் அவர். “பூஜைக்கு ஒரு வாரம் முந்தி ஒங்க மச்சினன் வந்தாரு. எந்த வயரு விட்டுப்போனா விஞ்சு நிக்கும்னு கேட்டாரு. தொழில் பழகுறாரேன்னு சந்தோசமா சொல்லிக் குடுத்தேன்.”

“அன்னிக்கே அத சொல்லியிருக்கக் கூடாதா?”

“அவரு ஒங்க தோளுக்குப் பக்கத்துல நின்னாரு. சொல்லியிருந்தா நீங்க யார நம்பியிருப்பீங்க?”

முத்தையன் தெருவுக்கு இறங்கினான். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, அன்றைக்குக் கத்திய அதே குரலில், “எம்மேலதான் தப்பு பாய்! மன்னிச்சுக்குங்க!” என்றான். எதிர்க் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரீது இரண்டு டீ சொன்னார். முத்தையனால் அதைப் பாதிதான் குடிக்க முடிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நெடுங்காடு வந்து சேர்ந்தான். வீட்டில் ஏலக்காய் மணந்தது. அஞ்சுகம் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“பாயசம் வச்சிருக்கேன். தம்பி எங்க, பின்னால வர்றானா? சாவியக் குடுத்தீங்கள்ல? என்ன சொன்னான்? அழுதுருப்பானே!”

முத்தையன் குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக் கை கழுவினான். நகக்கண்ணில் ஏறியிருந்த சந்தனம் லேசில் போகவில்லை.

“சொல்லுங்களேன், அழுதானா?”

“அவன் அழுவல, அஞ்சுகம்,” என்றான்.