கை படாத ஏற்றம்

என் மதுக்கடையில், காபி இயந்திரத்துக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. அதில் நாற்பத்து மூன்று பெயர்கள். லியாரிஸ் ஊர் நீரூற்றில் கையை நனைத்துக்கொண்டு கிளம்பி, கால் தரையில் படாமல், அடுத்தவர் கை தன் மேல் படாமல், ஸோன்கொலான் மலை உச்சி வரைக்கும் சைக்கிள் மிதித்தவர்களின் பெயர்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு எழுதியவை. பதினேழு வருஷமாக அந்தப் பலகையைத் துடைக்கிறவள் நான். ஒரு பெண் பெயர்கூட அதில் கிடையாது. துடைக்கத் துடைக்க எனக்கு வயிறு எரியும்.

இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டேன். முதல் வருஷம் சங்கிலி கழன்றது. அடுத்த வருஷம் பாதி மலையில் மூச்சடைத்து இறங்கிவிட்டேன். இந்த ஜூன் மூன்றாவது முறை. வயது ஐம்பத்து நாலு. இன்னும் எத்தனை ஜூன் பாக்கி இருக்கிறதாம்?

நீரூற்றைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றோம். மற்ற பத்துப் பேர் பெயரும் ஏற்கெனவே பலகையில் இருந்தது. சைக்கிள் சங்கத் தலைவன் என் அண்ணன் டொரினோ. விதி என்று வந்துவிட்டால் அவனுக்குத் தங்கையும் கிடையாது, தம்பியும் கிடையாது.

"கால் பட்டா பேர் கிடையாது. கை பட்டாலும் பேர் கிடையாது. போப்பாண்டவரே வந்தாலும் இதான்" என்று விரலை ஆட்டினான்.

"நீவெஸ் அக்கா, நீங்க மேல வர்றதுக்குள்ள ஃப்ரீக்கோ ஆறிப்போயிடும். உங்க பங்கை நான் தின்னுடட்டுமா?" என்றான் தபால்காரன் எர்மெஸ்.

"தின்னுடா. உருளைக்கிழங்கும் சீஸும் வயித்துல கல்லாட்டம் கிடக்கும். இறங்கும்போது தெரியும்."

என் புருஷன் தார்சீசியோ காலையிலேயே காரில் மேலே போயிருந்தான். பலகையில் ஏழாவது பெயர் அவனுடையது. தொப்பை விழுந்ததும் சைக்கிளை ஆணியில் மாட்டிவிட்டான். ஆனாலும் வருஷா வருஷம் நாலாவது கிலோமீட்டர் வளைவில் நின்று எல்லோரையும் கத்திக் கத்தி ஏற்றிவிடுவான். முதல் நாளே அவனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"கத்து, திட்டு, என்ன வேணா பண்ணு. என்னைத் தொட்டுடாதே."

"தொட மாட்டேன்டி. சத்தியம்."

ஊரைத் தாண்டியதும் சாலை சுவர் மாதிரி நிமிர்ந்தது. ஆண்கள் எல்லோரும் முதல் கிலோமீட்டரிலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். போகட்டும். முன்னால் சாய்ந்தால் பின் சக்கரம் வழுக்கும், பின்னால் சாய்ந்தால் முன் சக்கரம் தூக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம், அதில்தான் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். பீச் மரக் காட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

நாலாவது கிலோமீட்டர் வளைவில் கால் இரண்டும் செத்துப்போயின. சைக்கிள் நின்றே விட்டது என்று நினைத்தேன். அப்போது முதுகில் ஒரு கை. அகலமான, சூடான கை. சக்கரம் தானாக உருண்டது. சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிரேக்கை அழுத்தினேன். காலை ஊன்றினேன்.

"ஏன்டி நிக்கிறே? மிதி!" என்றான் தார்சீசியோ.

"சத்தியம் பண்ணினியே, பாவி!"

"விழுந்துடுவியோன்னு பயந்துட்டேன். என் கை கேக்கலை. இப்ப என்ன, ஒருத்தரும் பாக்கலையே?"

"நான் பாத்தேனே."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இதெல்லாம் ஒரு விஷயமா? எனக்கும் இதே வளைவுலதான். உங்கண்ணன் தள்ளிவிட்டான். என் பேர் பலகையில இல்லையா?"

பதினேழு வருஷம் நான் துடைத்த பெயர். விதி சொல்லி விரல் ஆட்டும் அண்ணன். இரண்டு பேரையும் அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

"எங்கடி போறே?"

"கீழ."

"விட்டுட்டியா?"

"ஏறி வர்றதுக்குத்தான்யா போறேன்!"

இறங்கும்போது பிரேக் கட்டைகள் தீய்ந்து நாறின. நீரூற்றில் மறுபடி கையை நனைத்தேன். தலையையும் நனைத்துக்கொண்டேன். சட்டைப்பையில் மிச்சமிருந்த வாழைப்பழத்தைத் தின்றேன், கிளம்பினேன். பாதி மலை ஏறி இறங்கிய காலோடு முழு மலை ஏறுவது புத்திசாலி செய்கிற வேலை இல்லை. நான் புத்திசாலி என்று யாரிடமும் சொன்னதில்லை.

சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைந்து வளைந்து ஏறினேன். உச்சியைப் பற்றி நினைக்கவில்லை. அடுத்த மரம், அடுத்த மரம், அவ்வளவுதான். அதே வளைவு வந்தது. தார்சீசியோ இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றான். என் வேகம் நடக்கிறவன் வேகம். பக்கத்திலேயே நடந்து வந்தான்.

"என்ன, காபி போடுற அம்மாவுக்கு மூச்சு வாங்குதோ?"

"கிட்ட வந்தே, உதைப்பேன்!"

"உதை, உதை. காலை எடுத்தா பேர் போச்சு!"

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. என் சைக்கிள் ஆடும்போதெல்லாம் அவன் பைக்குள் விரல்கள் முண்டுவது தெரிந்தது. வெளியே வரவில்லை. எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் அந்தக் கோபத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தேன் என்பதால் போகவில்லை என்று வைத்துக்கொண்டேன். கடைசிச் சுரங்கப்பாதை வரைக்கும் அந்தத் தொப்பையோடு திட்டிக்கொண்டே வந்தான்.

உச்சியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சட்டை மாற்றியிருந்தார்கள். சைக்கிளிலிருந்து விழாத குறையாக இறங்கிப் புல்லில் உட்கார்ந்தேன்.

"இவ்வளவு நேரமா? கால் பட்டுச்சா?" என்றான் டொரினோ.

"முதல் தடவை பட்டுச்சு. கையும் பட்டுச்சு. அதனால கீழ போய் நீரூத்துலேருந்து மறுபடி ஏறினேன். இந்தத் தடவை ஒண்ணும் படலை."

எர்மெஸ் எழுந்து வந்து, துணியில் சுற்றிய என் பங்கு ஃப்ரீக்கோவை மடியில் வைத்தான். இன்னும் சூடு இருந்தது. அடுப்பு ஓரத்திலேயே வைத்துக் காவல் காத்திருக்கிறான், படவா.

"சாட்சி?" என்றான் டொரினோ.

"நான்" என்று மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் தார்சீசியோ. கைகள் அப்போதும் பைக்குள்தான்.

சாயங்காலம் கடை நிறைந்திருந்தது. டொரினோ கம்பியைக் காய்ச்சி என் பெயரைக் கடைசியில் சுட்டான். கட்டை கருகிய வாசனை வந்தபோது எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள்.

அப்போது தார்சீசியோ உள்ளே போய் உளியோடு வந்தான். நாற்காலி மேல் ஏறி, ஏழாவது பெயரைச் செதுக்கி எடுக்க ஆரம்பித்தான்.

"டேய், என்னடா பண்றே?" என்று பதறினான் டொரினோ.

"உன் கை பட்ட பேருடா இது."

என் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு அப்புறம் அவன் விரலை ஆட்டவில்லை. நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. மரச்சீவல்கள் மேஜை மேல் விழுந்தன, பலகை துடைக்கும் அதே துணியால் வழித்து எடுத்தேன்.

"அடுத்த ஜூன்ல நான் ஏறுறேன். நீ அந்த வளைவுல வந்து நில்லு" என்றான் தார்சீசியோ, நாற்காலியிலிருந்து இறங்கி.

"நிக்கிறேன். கை பைக்குள்ளதான் இருக்கும், பாத்துக்கோ."

பலகையில் இப்போதும் நாற்பத்து மூன்று பெயர்கள்தான்.