புதுச்சேரி பஸ்ஸில் இடது பக்கம்

என் வீட்டுக்காரர் சோமசேகரன் வாயைத் திறந்தால் யோசனைதான் வரும். கேட்டவனுக்கும் சொல்வார், கேட்காதவனுக்கும் சொல்வார். காரைக்காலில் அரசாங்க குமாஸ்தா. எந்தக் காகிதத்துக்கும் கடைசிக் கையெழுத்து புதுச்சேரியில்தான் என்பதால் பாதி ஆயுளை அந்த பஸ்ஸில் கழித்த மனுஷன். காலையில் போகும்போதும் இடது பக்கம் உட்கார், சாயங்காலம் வரும்போதும் இடது பக்கம் உட்கார், இரண்டு நேரமும் வெயில் படாது என்பார். பின் டயருக்கு மேலே உட்காராதே. சீர்காழி தாண்டித் தண்ணீர் குடிக்காதே, சிதம்பரம் வரைக்கும் அடக்க வேண்டும். ஐயோ, கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பாட்டு!

வியாதி வந்த பிறகும் அந்த வாய் ஓயவில்லை. கல்லீரலில் கட்டி. மாதாமாதம் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தோம். போன தடவை டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"இனிமே மருந்து கேக்காதும்மா. வீட்ல வச்சுப் பாத்துக்கங்க. ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க" என்றார்.

நான் இவரிடம் போய், "அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? உங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பெற்ற தாய்கூடச் சொல்ல மாட்டாள். நாள் நெருங்கும்போது ஏதாவது சொல்லித் தள்ளிப் போடலாம் என்றிருந்தேன்.

அந்தச் செவ்வாய் காலையில் அவர் எனக்கு முன்னால் குளித்து, சட்டையும் போட்டுக்கொண்டு நின்றார். சட்டைக்குள் ஆளே இல்லை.

"உடம்பு முடியலைன்னா அடுத்த வாரம் போலாங்க" என்றேன்.

"டாக்டர் சொன்ன தேதியை மாத்தக் கூடாது வல்லி. கிளம்பு."

கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் டாக்டர் லீவு என்று புளுகிக்கொள்ளலாம் என்று ஒரு குருட்டு தைரியம்.

பஸ் ஏறியதிலிருந்து மனுஷன் என்னைப் படுத்திய பாடு! போனை என் மடியில் போட்டு, "டிக்கெட்டை நீ எடு" என்றார்.

"ஏன், உங்க கையில என்ன சுளுக்கா?"

"எடுன்னா எடேன். கண்டக்டர் காட்டுற அந்தக் கட்டத்தைப் படம் பிடி. பணம் யார் பேருக்குப் போகுதுன்னு பாரு. இப்ப ரகசிய நம்பரை அமுக்கு."

அமுக்கினேன். பணம் போனது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். "அதையும் போட்டோ எடுத்து வச்சுக்க, தொலைஞ்சாலும் கையில இருக்கும்" என்றார் இவர். சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு வாத்தியார் வேலை என்று எனக்கு எரிச்சல்.

தரங்கம்பாடியில் ஒரு பெண் ஏறி எங்கள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஹஃபீஸா என்று பேர். அவளுடைய வாப்பாவை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், முதல் தடவையாகத் தனியாகப் போகிறாளாம். விடுவாரா இவர்?

"வல்லி, நீ சொல்லு. எந்த கேட்டுல போகணும்?"

"ரெண்டாவது கேட்டு. மொத கேட்டுல போனா சுத்திக்கிட்டு வரணும்" என்றேன்.

"உள்ள போன்ல சிக்னல் இருக்குமா?"

"இருக்காது. டோக்கன் மெசேஜை வெளியிலயே போட்டோவா எடுத்துக்கணும்."

"சாப்பாடு?"

"உள்ள கேன்டீன்ல வேணாம்மா, எதிர்த்தாப்புல மெஸ் இருக்கு."

"பாத்தியாம்மா, எங்க வீட்டம்மா எல்லாம் கத்துக்கிட்டா" என்று அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆயிற்று.

"உங்களுக்கும் இன்னைக்கு டாக்டரைப் பாக்கணுமாங்க ஐயா?" என்று கேட்டாள் ஹஃபீஸா.

"இல்லம்மா. எனக்கு அங்க வேலை முடிஞ்சு போச்சு. இவளுக்கு வழி பழக்கத்தான் கூட்டிட்டுப் போறேன்."

எனக்குக் காது அடைத்துப்போனது. அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முன்னால் திரும்பிக்கொண்டாள்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"தேதி குடுத்தா என் போனுக்குல்ல மெசேஜ் வரும். வரலையே. உன் மூஞ்சியையும் பாத்தேன்."

"தெரிஞ்சும் எதுக்குங்க இந்த உடம்போட..."

"நாளைக்குக் குடும்ப பென்ஷனுக்கு நீ புதுச்சேரிக்குத்தானே அலையணும்? நம்ம பொண்ணு அல்லி ஓசூர்லேர்ந்து எத்தனை தடவை லீவு போட்டு வருவா? வீட்ல உக்காத்தி வச்சு சொல்லிக் குடுத்தா நீ கத்துக்கவா போற, சண்டைக்குல்ல வருவ."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உங்க பென்ஷன்ல மண்ணு விழ! எனக்கு ஒரு வழியும் தெரிய வேணாம்" என்று பஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்புதான் பட்டது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் அழுதேன். எங்களுக்குள் மறைக்க இனி எதுவும் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

சிதம்பரத்தில் இறங்கிவிட்டோம். அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. ஹஃபீஸா ஜன்னல் வழியாக, "துஆ செய்றேங்க" என்றாள்.

காரைக்கால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் வந்தார். இவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"எனக்குத் தெரியாது. நீங்களே எடுங்க" என்றேன்.

"வல்லி, பிடிவாதம் பிடிக்காத."

"தெரியாதுன்னா தெரியாது. நீங்க இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் போனை இழுத்துக்கொண்டார். நம்பர் தப்பாக விழுந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை அமுக்கப் போய், விரலைத் தூக்கி வைத்தபடி அப்படியே நிறுத்திவிட்டார். அவருக்கு நம்பர் மறந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் போனை வாங்கி நம்பரை அமுக்கினேன்.

"பணம் வந்துடுச்சு. காரைக்கால் எத்தனை பேரும்மா?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு பேருங்க" என்றேன். "ரெண்டு பேரு."