கால்வாய்ப் பக்கத்துக் கம்பங்கள்

அப்பாவின் தாடைக்குக் கீழே வந்ததும் லொரெய்ன் சவரக்கத்தியை நிறுத்தினாள். அங்கே தோல் தொங்கிப்போயிருந்தது. இழுத்துப் பிடிக்காமல் மழிக்க முடியாது, இழுத்தால் அவருக்கு வலிக்குமோ என்று பயம்.

"இழுத்துப் பிடிடி," என்றார் ஹெட்லி, கண்ணைத் திறக்காமல். "கண்ணாடி டம்ளரா இது, உடைஞ்சு போறதுக்கு?"

"ஆடாம இருப்பா. ரத்தம் வந்தா நர்ஸ் என்னைத்தான் திட்டும்."

"மேட்ச் நாள். முள்ளுத் தாடியோடவா இருக்கறது?"

கட்டிலை மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கிய பிறகு அவர் வாசலைத் தாண்டவே இல்லை. இன்று எங்கேயும் போகப்போவதும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, சொந்த மைதானத்தில் ரக்பி ஆட்டம் என்றால் தார்ன்டைக் ஊரில் ஆண்கள் சவரம் செய்துகொள்வார்கள். கல்யாணத்துக்கு மழிக்காதவன்கூட இதற்கு மழிப்பான். அதிலும் இன்று கடைசி ஆட்டம். அடுத்த வாரம் மைதானத்தில் புல்டோசர் இறங்குகிறது.

இரண்டு தெரு தள்ளித்தான் மைதானம். ஜன்னலைத் திறந்து வைத்தால் சத்தம் வரும். அதற்காகவே கட்டிலை ஜன்னலோரமாகப் போடச் சொல்லியிருந்தார்.

போன வருடம் ரக்பி லீக்கின் தலைமை அலுவலகம் எல்லாக் கழகங்களுக்கும் மார்க் போட ஆரம்பித்தது. எத்தனை நாற்காலி, எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் போனில் பார்க்கிறார்கள், பெரிய திரை உண்டா, வரவு செலவு கட்டுப்படியாகிறதா என்று எல்லாவற்றுக்கும் மார்க். ஜெயித்தவன் மேலே போவான், தோற்றவன் கீழே இறங்குவான் என்ற பழைய நியாயம் போயே போய்விட்டது. வருடம் முழுக்க நீங்கள் ஜெயிக்கலாம். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால் கீழேதான்.

இதை விளக்க, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓர் இளைஞன் மான்செஸ்டரிலிருந்து வந்தான். "சொந்தக் காலில் நிற்கும் கழகங்கள்தான் எங்கள் இலக்கு," என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. எங்கள் கழகம் எந்தக் காலத்தில் சொந்தக் காலில் நின்றது? ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் பகலில் குழாய் ரிப்பேர் செய்கிறவர்கள். ஒவ்வொரு வருடமும் விழுகிற ஓட்டையைத் தலைவர் கீத் ஆம்ப்ளர் தன் லாரித் தொழிலிலிருந்து எடுத்து அடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதய ஆபரேஷன் ஆனதும் அவர் பிள்ளைகள் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, ஒரே வழி. பக்கத்து ஊர் கில்பியோடு சேர்ந்துவிடுவது. நூறு வருடமாக யாரைத் திட்டித் தொண்டையைக் கிழித்துக்கொண்டோமோ அதே கில்பி. அவர்களுடைய புது மைதானத்தில் இரண்டு ஊரும் ஒரே அணியாக ஆடும். எங்கள் மைதானம் வீடு கட்டுகிறவர்களுக்குப் போகும். நிர்வாகக் குழுவில் ரசிகர்களின் பிரதிநிதியாக இருந்த லொரெய்னும் கை தூக்கினாள். தூக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கழகமே இருக்காது. கையை இறக்கிய பிறகு அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹெட்லி திட்டவில்லை. "ஐரீனுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நான் பாத்துக்கறேன்ப்பா," என்று சொல்லியிருந்தாள்.

தார்ன்டைக்கில் இறந்தவர்களின் சாம்பலைக் கால்வாய்ப் பக்கத்துக் கோல் கம்பத்தடியில் வைப்பது வழக்கம். புல்லைச் சதுரமாக வெட்டி எடுத்து, சாம்பலைப் போட்டு, மறுபடி புல்லை மூடிக் காலால் அழுத்திவிடுவார்கள். பாதிரியாரை எல்லோரும் கூப்பிடுவதில்லை. கம்பத்தடியை யாரும் விடுவதில்லை. லொரெய்னின் அம்மா ஐரீன் அங்கே போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வசந்தம் வந்தால் மஞ்சள் டாஃபடில் பூக்களைக் கொத்தாகக் கம்பத்தில் கட்டிவிட்டு வருவாள் லொரெய்ன். தன்னையும் அங்கே, ஐரீன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் ஹெட்லி வாழ்க்கையில் அவளிடம் கேட்ட ஒரே விஷயம்.

வாசல் மணி அடித்தது. நர்ஸ் நஸ்ரீன் பையோடு உள்ளே வந்தாள். கில்பிக்காரி. அதை மறைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"என்ன தாத்தா, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க?"

"கில்பிலேருந்து யாராவது வந்தா ஜன்னலச் சாத்தச் சொல்லியிருந்தேனே."

"இனிமே அதெல்லாம் நடக்காது. நீங்களும் நானும் ஒரே டீமு."

"அதப் பாக்கக் கூடாதுன்னுதான் நான் கிளம்பறேன்."

நஸ்ரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். ஹெட்லியும் சிரிக்கப் பார்த்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள், விரல் நுனிகளைப் பார்த்தாள், மருந்து இறங்குகிற சின்ன மிஷினைச் சரிபார்த்தாள். போகும்போது லொரெய்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு எங்கயும் போயிடாதீங்க."

"இன்னிக்கேவா?"

"கை சில்லுனு இருக்கு. நான் கீழத் தெருவுலதான் இருப்பேன், போன் பண்ணுங்க." லொரெய்னின் முழங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

ஆட்டம் தொடங்கும் முன் லொரெய்ன் கம்பத்தடியில் பூ வைப்பதாக ஏற்பாடு. சமையலறைக்குப் போய் கீத்தை அழைத்தாள்.

"நான் வரல கீத். நீங்களே வச்சிடுங்க."

"அப்பா எப்படி?"

"இன்னிக்குன்னு சொல்றாங்க."

கீத்துக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"கீத், அந்த மண்ணு விஷயம்? கம்பத்தடி மண்ணப் பெட்டியில எடுத்துட்டுப் போய் கில்பில வைக்கலாம்னு சொன்னீங்களே."

"கேட்டேம்மா. அங்க புல்லே இல்லையே, எல்லாம் பிளாஸ்டிக் கம்பளம். அதுல சாம்பல் விழுந்தா கம்பெனி உத்தரவாதம் போயிடுமாம்."

"மண்ணு?"

"மண்ணும்தான். சுத்துச்சுவர்ல பேரு போட்டுத் தரேங்கறாங்க. சின்னத் தகடு."

"தகட்டை வச்சு நான் என்ன பண்றது?"

"என்னைக் கேட்டா நான் என்னத்தச் சொல்வேன், கண்ணு?" என்றார் கீத். அறுபது லாரி வைத்துத் தொழில் நடத்திய மனிதர். அவர் குரல் உடைந்ததை அவள் அன்றுதான் கேட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. ஹெட்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். தூரத்தில் ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது.

"அவங்க ட்ரை," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தகரம் சத்தம் வரலையே." எங்கள் ஆள் எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டால், கூரையடியில் நிற்கிறவர்கள் பின்சுவர்த் தகரத்தைக் காலால் உதைப்பார்கள். அந்தச் சத்தம் ஊரையே எழுப்பும். தகரம் ஒலிக்காத கூச்சல் எதிராளியுடையது.

லொரெய்ன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். சமையலறையிலிருந்து வரும்போதே அதை வாயில் தயாராக வைத்திருந்தாள்.

"அப்பா, கீத் கிட்டப் பேசிட்டேன். கம்பத்தடி மண்ணு எல்லாத்தையும் பத்திரமா எடுத்துட்டுப் போறாங்க. அம்மாவையும் சேத்து. உன்னையும் அங்கதான் வைக்கப் போறோம்."

ஹெட்லி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். சின்ன வயதில் அவள் பொய் சொன்னால் பார்க்கிற அதே பார்வை.

"ஐரீன் அங்க இல்லடி."

மருந்து பேசுகிறது என்று நினைத்தாள். "கம்பத்தடியிலதானப்பா இருக்கா."

"கம்பத்தத்தான் நகத்திட்டோமே."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. ஐரீன் போன சில வருடங்களில் லீக்கை வேறு ஒரு தடவை திருத்தினார்கள். குளிர்கால ஆட்டத்தைக் கோடைக்கு மாற்று, நிற்கிற இடத்தில் நாற்காலி போடு, கடனைத் தீர், இல்லாவிட்டால் வெளியே போ என்றார்கள். கழகம் கால்வாய்ப் பக்கத்துப் படிக்கட்டுகளையும் ஆடுகளத்தில் ஒரு துண்டையும் சூப்பர் மார்க்கெட்காரர்களுக்கு விற்றது. மொத்த ஆடுகளத்தையும் சாலைப் பக்கமாக ஒரு பஸ் நீளத்துக்கு நகர்த்திப் புதுக்கோடு போட்டார்கள். பழைய கம்பங்களையே பிடுங்கி, அதே வெள்ளையடித்து, புது இடத்தில் நட்டார்கள். அப்போது குழுவில் ஹெட்லி இருந்தார். எல்லோரும் கை தூக்கி நிற்கிற புகைப்படம் கழகத்தின் பாரில் இன்றைக்கும் தொங்குகிறது, லொரெய்ன் நூறு தடவை பார்த்திருக்கிறாள். கம்பம் நகர்ந்தது ஊருக்கே தெரியும். ஆனால் கம்பத்தடி என்றால் கம்பத்தடிதானே என்று எல்லோரும் புதுக் கம்பத்தடியில் போய் நின்று தங்கள் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே இருக்கிறவர்களை யாரும் நகர்த்தவில்லை.

"அப்ப அம்மா எங்க?"

"சூப்பர் மார்க்கெட்டுல தள்ளுவண்டி நிறுத்தற கொட்டகை. மூணாவது தூண் பக்கம். கால்வாய்ச் சுவர்லேருந்து அளந்து பாத்துட்டேன்."

சனிக்கிழமை தவறாமல் அவர் அந்தக் கடைக்குப் போவதும், ஒரே ஒரு டப்பா பட்டாணிக்காகத் தள்ளுவண்டி எடுப்பதும் வீட்டில் பெரிய கேலி. 'ராஜா ஊர்வலம் கிளம்பியாச்சு' என்று லொரெய்னே சொல்லியிருக்கிறாள். சமையலறை அலமாரி முழுக்கப் பட்டாணி டப்பா. பாதிக்கு மேல் தேதி முடிந்தவை. போன மாதம்தான் ஒரு பையளவு எடுத்து வீசினாள்.

"அதுக்குத்தான் வண்டியா?"

"வண்டிய எடுத்தாத்தானே திரும்ப விடணும். சும்மா போய் நின்னா அந்தக் காவல்காரன் கேக்கறான்."

"நான் வருஷா வருஷம் பூ கட்டினேனே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதாப்பா?"

"அழகாத்தான் கட்டின." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "அது யாரோட அம்மாவுக்காவது போய்ச் சேந்திருக்கும்."

வெளியே இன்னொரு கூச்சல். இருவரும் காத்திருந்தார்கள். தகரம் ஒலிக்கவில்லை.

"என்னை அங்கயே வச்சிடு," என்றார் ஹெட்லி.

"அப்பா, அங்க தார் போட்டிருக்கு."

"தெரியும்."

 அவள் சரி என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மெல்ல மெல்லக் கனத்தது. மூச்சு ஒன்று வரும், வெகுநேரம் கழித்து அடுத்தது வரும். ஒன்று வந்த பிறகு அவள் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்டம் முடிந்த ஊதல் கேட்டது. அதன் பின்தான் தகரம் ஒலிக்கத் தொடங்கியது. யாரும் ட்ரை போடவில்லை, போட இனி நேரமும் இல்லை. முதலில் யாரோ ஒருவர் உதைத்தார், பிறகு பத்துப் பேர், பிறகு மைதானத்தில் இருந்த எல்லோரும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. லொரெய்ன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் முன்னாலேயே உதைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் எல்லோர் மீதும் அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் அப்போதுதான் வந்தது.

தாடைக்குக் கீழே ஓர் இடத்தில் வெள்ளை மயிர் மிச்சமிருந்தது. நஸ்ரீனுக்குப் போன் செய்வதற்கு முன் எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்தாள். தோலை நன்றாக இழுத்துப் பிடித்து மழித்து முடித்தாள்.

தகனம் முடிந்து, சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் எல்லோருக்கும் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் பட்டாணியும் கொடுத்தார்கள். மைதானத்தில் அதற்குள் வேலி போட்டாகிவிட்டது. கம்பங்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். கீத் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், தகட்டில் என்ன எழுதுவது என்று கேட்க வந்தவர் அதைக் கேட்காமலே எழுந்து போனார்.

அடுத்த சனிக்கிழமை லொரெய்ன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். துணிப்பைக்குள் அட்டைப் பெட்டி இருந்தது. மனிதன் இவ்வளவு கனமா என்று வழியெல்லாம் தோன்றியது. கொட்டகையின் மூன்றாவது தூணடியில் குனிந்து பார்த்தாள். புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். ஒரு விரிசல் இல்லை, ஓரத்தில் ஒரு புல் இல்லை. பக்கத்தில் சாக்கடையின் கம்பி மூடி மட்டும் இருந்தது. நல்ல தூறல் வேறு. கொட்டினால் எங்கே போகும் என்று தெரிந்தது.

"என்னம்மா, ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார் காவல்காரர்.

"இல்லைங்க. வண்டி எடுக்கத்தான்."

பூட்டில் நாணயத்தைப் போட்டு, சங்கிலியில் கோர்த்திருந்த ஒரு வண்டியை விடுவித்தாள். குழந்தை உட்காரும் இடத்தில் பையை வைத்தாள். உள்ளே போய் ஒரு டப்பா பட்டாணி எடுத்தாள். பணம் கொடுக்கும் இடத்திலிருந்த பெண், "இவ்ளோதானா?" என்று கேட்டாள். "இவ்ளோதான்," என்றாள் லொரெய்ன்.

தூறல் கொஞ்சம் கூடியிருந்தது. வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, மூன்றாவது தூண் பக்கத்து வரிசையில் செருகினாள். பையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். சங்கிலியைச் சட்டென்று மாட்டிவிடலாம், மாட்டினால் நாணயம் வந்துவிடும், பிறகு அங்கே நிற்க வேலையில்லை. அவள் அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள். காவல்காரர் இந்தப் பக்கம் பார்த்தபோது, மாட்ட வராததுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.