ஏழாவது வீட்டு நாட்காட்டி

"நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினேன். வழியில பதினோரு வீட்டுக் கழிப்பறையில உட்கார்ந்தேன். அப்படியும் துடைப்ப வண்டியால என்னைப் பிடிக்க முடியல" என்றார் வைப்ரென், முடிவுக்கோட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்தபடி.

ஓடி முடித்தவர்களின் பட்டியல் எழுதும் மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சீட்ஸ்கே சிரிக்கவில்லை. கூரையில் துடைப்பம் கட்டிய வேனைக் கெடு நேரத்தின் வேகத்தில் எல்லாருக்கும் பின்னால் ஓட்டி வருபவள் அவள். அந்த வேன் முந்திவிட்டால் ஓட்டம் முடிந்தது, ஏறி உட்கார வேண்டியதுதான். போன நான்கு வருடமும் வைப்ரென் அதில் ஏறித்தான் வந்து சேர்ந்தார்.

"முப்பத்தாறாவது கிலோமீட்டர் அணைக்கரை ரோடு, வெட்டவெளி. அங்க ஒரு ஆடு தும்மினாலும் எனக்குத் தெரியும். பத்து நிமிஷம் உன்னைக் காணோம், அப்புறம் தூரத்துல முளைக்கிற. யாரோட கார்ல ஏறின?" என்றாள்.

"ஏன் கார்? ஒரு விமானமே வந்து தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லேன்."

"விளையாடாதப்பா. நீங்க இவன் பேரை எழுதாதீங்க."

பேனா நின்றது. வைப்ரெனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அவருடைய குடல் அவரைக் கேட்காமல் முடிவெடுக்கத் தொடங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. க்ரோன் நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கதவுகளைத்தான் எண்ணுவார். இன்று அந்த வயிற்றுக்குள் ஒரு நகராட்சியே வேலைநிறுத்தம் செய்தது. அடுத்த வருடம் ஓடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பட்டியலில் ஒரே ஒருமுறை தன் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

"நான் நுழைஞ்ச ஏழாவது வீடு, அதே ரோட்டுல இருக்கிற உன் வீடு தாயி" என்றார் கண்ணை மூடிக்கொண்டே. "பின்கதவு திறந்திருந்தது. உன் புருஷன் யேலே தோட்டத்துல புல் வெட்டுற மிஷின் ஓட்டிக்கிட்டிருந்தான். கூப்பிட நேரமில்லை."

"என் வீட்டுக்குள்ளயா? கதை விடாத."

"உள்ள உட்கார்ந்தா வேற என்ன வேலை? நம்ம ஊர்க் கழிப்பறை எல்லாத்துலயும் மாதிரி எதிர்ல வேண்டியவங்க பேரெழுதுற பிறந்தநாள் நாட்காட்டி, கயித்துல பென்சில். உங்க நாய்க்குக்கூட நவம்பர்ல பிறந்தநாள் போட்டிருக்க, எனக்கு இல்லை. ஏப்ரல்ல நானே எழுதிட்டேன். பதினோரு வீட்டுலயும் எழுதினேன். இனிமே வருஷா வருஷம் பதினோரு வீட்டு கேக் எனக்கு."

சீட்ஸ்கே கைபேசியில் கணவனை அழைத்து, எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

"யேலே, கழிப்பறைக்குப் போ."

"எனக்கு இப்ப வரலையே."

"நாட்காட்டியைப் பாருய்யா. ஏப்ரல்."

மரச்செருப்புச் சத்தம். கதவு கிறீச்சிட்டது.

"ஒன்பதாம் தேதி 'வைப்ரென்'னு கிறுக்கியிருக்கு. பக்கத்துல 'முப்பத்தாறு கிலோமீட்டர், மூணு பத்து, நன்றி'. காலையில இது இல்லை. யாரு வந்தா? கால்மிதியெல்லாம் சேறு. தாளும் தீர்ந்துபோச்சு."

மூன்று பத்துக்குத்தான், முன்னால் போனவர் கண்ணிலிருந்து மறைந்த நேரத்தில், தன் வேன் முப்பத்து நான்காவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியது என்பது சீட்ஸ்கேவுக்குத் தெரியும். நாற்காலியில் கிடந்தவரையும், காய்ந்த சேறு ஒட்டிய அவர் காலணியையும் பார்த்தாள்.

"ஓடித்தான் வந்திருக்கான்" என்றாள். "எழுதுங்க."