உச்சிப் பாறை இலையும் மயில்சாமியின் சந்தேகமும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வீட்டுச் சேவல் இனிமேல் கூவாமல் போகட்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எருமப்பட்டிக் கோழிப்பண்ணைக்காரர் மயில்சாமி எந்த முட்டையையும் நம்பித் தட்டில் வைத்ததில்லை. ஒவ்வொன்றையும் பல்பு வெளிச்சத்தில் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். தீவனக்காரரைச் சந்தேகிப்பார், தராசைச் சந்தேகிப்பார். முட்டையை ஒளித்து வைக்கின்றனவோ என்று தன் கோழிகளையே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து விசாரித்தவர். கோழிகள் ஒப்புக்கொள்ளவில்லை.

சர்க்கரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக, அன்பழகன் என்பவன் விற்ற பச்சிலையை மென்றுகொண்டிருந்தார். காலில் பட்ட காயமோ ஆறாமல் கறுத்துக்கொண்டே வந்தது.

"கொல்லிமலை உச்சிப் பாறைச் செடிங்க. வெயிலும் காத்தும் தவுர அங்க ஒண்ணுமில்ல. போன மாசம் அந்தக் காத்து என்ர மீசையப் பிச்சு நாமகிரிப்பேட்டைக்கே கொண்டுபோயிருச்சுங்க" என்றான் அன்று புதுக் கட்டோடு வந்திருந்த அன்பழகன். அவனுக்கு மீசை இல்லை. மயில்சாமிக்கு நம்பிக்கை கூடியது.

மருமகள் பிரவீனா தாவரவியல் படித்தவள். காயத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்த அவள், ஓர் இலையை எடுத்து முட்டை பார்க்கும் பல்புக்கு நேரே பிடித்தாள். நரம்பெல்லாம் தெரிந்தது. இலை வழியாகவே பல்பில் அச்சடித்திருந்த எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது.

"மாமா, வெயில்லயும் காத்துலயும் நிக்கற செடி, தண்ணி வத்திறக் கூடாதுன்னு எலையச் சின்னதா, தடியா வெச்சுக்குமுங்க. மேல மெழுகாட்டமோ முடியோ இருக்கும். இது உள்ளங்கை அகலம், அப்பளத்த விட மெல்லுசு. பாறையில நட்டா மத்தியானத்துக்குள்ள கருகிரும். நெழல்ல, தண்ணி பக்கத்துல வளந்ததுங்க இது."

மயில்சாமி அன்பழகன் பக்கம் திரும்பினார். "ஏப்பா, வாய்க்கா மேட்டுல புடுங்குனயா?"

"வாய்க்காத் தண்ணியும் மலையில இருந்துதானுங்க வருது" என்றபடியே அன்பழகன் பைக்கை உதைத்தான்.

"முட்டையக்கூட வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறீங்க. ஒடம்புக்குள்ள போறத மட்டும் ஏன் மாமா பாக்காம உட்டீங்க?"

மயில்சாமி மென்றுகொண்டிருந்த இலையைத் துப்பினார். பிறகு, "வண்டிய எடுக்கச் சொல்லு கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். "மலைப் பேரச் சொன்னதும் எவனோ ஒருத்தன நம்புனேன், படிச்ச டாக்டரச் சந்தேகப்பட்டேன். மாத்தரைய நிறுத்தறதுன்னா டாக்டரு சொல்லித்தான் நிறுத்தோணும். கண்ட எலைய நம்பி நிறுத்துனா போறது நம்ம காலுதான்."

கால் தப்பியது.

அன்றைக்கு எருமப்பட்டியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கரண்ட் இல்லை. அந்தப் பல்பு எப்படி எரிந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.