மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

பள்ளி விடுமுறையில் தினேஸ்வரியின் வேனுக்கும் விடுமுறைதான். ஒன்பதாங்கட்டை எஸ்டேட்டில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு முப்பது வருஷமாகிவிட்டது. லயத்து ஆட்கள் பாதிப்பேர் இப்போது பக்கத்து ஈப்போ நகரத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் விடிகாலையில் கிளம்பிப் போனதும் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு சாய்ந்துகொள்ளும். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் தினேஸ்வரிக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

அந்த நவம்பரில் டயர் மாற்ற ஈப்போ பக்கம் சிலிபினுக்குப் போனவள், கடைக் கண்ணாடியில் ஓர் அறிவிப்பைப் பார்த்தாள். நூலகத்தில் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் அறிவியல் முகாம், முற்றிலும் இலவசம். அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய் ஆறு பிள்ளைகளைச் சேர்த்துவிட்டாள். ஏழாவது வீட்டில்தான் பேச்சு நின்றது.

"எங்க ஷர்மினி வேணாங்கா," என்றாள் விமலா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். "நாலாம் ஆண்டு முடிச்சிட்டா, இன்னும் எழுத்து மெதுவு. டவுன் பிள்ளைங்க முன்னால சிரிப்பாப் போயிடும்."

"சிரிச்சா நான் பக்கத்துலதானே இருக்கேன். என் வேன், நான் ஊத்துற எண்ணெய். அனுப்பி வைலா."

முதல் நாள் நூலகத்தில் சின்னச் சிக்கல் ஒன்று வந்தது. பிள்ளைகளோடு காப்பாளர் ஒருவர் இருந்தாக வேண்டுமாம். நூலக அதிகாரி அமீரா நீட்டிய அனுமதிப் பாரங்கள் ஏழிலும் தினேஸ்வரியே கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று யோசித்து, எல்லாவற்றிலும் 'வேன் அக்கா' என்று எழுதிக் கொடுத்தாள்.

அமீரா வாசித்துவிட்டுச் சிரித்தார். "இப்படி ஒரு உறவை நான் பார்த்ததே இல்ல. சரி, அஞ்சு நாளும் நீங்க இங்கதான் இருக்கணும்."

தினேஸ்வரி கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முகாமில் எல்லாம் மலாயில்தான் நடந்தது. முதல் இரண்டு நாளும் அவள் கண் ஷர்மினி மேலேயே இருந்தது. பிள்ளை வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் டவுன் பிள்ளைகள் முந்திக்கொண்டு கை தூக்கின. கூட்டி வந்தது தப்போ என்று தினேஸ்வரிக்கு உறுத்தியது.

மூன்றாம் நாள் தண்ணீர் ராக்கெட் செய்தார்கள். பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் ஊற்றி, வாயைக் கட்டையால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கட்டையை இழுத்துவிட்டால் போத்தல் சீறிக்கொண்டு பறக்கும். பின்னாலிருந்த திடல் முழுக்க ஒரே கூச்சல். ஷர்மினி மட்டும் ராக்கெட்டைத் தொடவில்லை. நோட்டும் பென்சிலுமாக ஓரத்தில் நின்று, ஒவ்வொரு போத்தலும் விழுந்த இடம்வரை நடந்து போய், அடி எண்ணி, திரும்பி வந்து மெதுவாக எழுதிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் ஷர்மினி தினேஸ்வரியிடம் வந்து காதோடு சொன்னாள்.

"அக்கா, ஹாபிஸ் அண்ணே அரைப் போத்தல் தண்ணி ஊத்தச் சொல்றாரு. அது சரியில்ல."

ஹாபிஸ் முகாமை நடத்த வந்திருந்த கல்லூரி மாணவன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஷர்மினி நோட்டைப் பிரித்தாள். இருபத்திரண்டு ராக்கெட். எது எவ்வளவு தண்ணீரில் பறந்தது, எத்தனை தடவை பம்பு அடித்தார்கள், எத்தனை அடி போனது, எல்லாம் கோணல் எழுத்தில் வரிசையாக இருந்தன.

"நீங்க சொல்லுங்கக்கா."

தினேஸ்வரி எழுந்தேவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, நின்றுவிட்டாள். "நான் சொன்னா அது என் பேச்சாயிடும்லா. கண்டுபிடிச்சது நீ. நீயே போய்ச் சொல்லு. நான் பின்னாலயே வாரேன்."

ஷர்மினி போனாள். ஹாபிஸ் நோட்டை வாங்கி ஒரு பக்கம் பார்த்தான். மறுபக்கம் திருப்பினான். அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டு முதலிலிருந்து படித்தான்.

"பம்பு இருபது தடவை அடிச்சதை மட்டும் ஏன் வட்டம் போட்டிருக்க?"

"காத்து கூடக்குறைய இருந்தா தண்ணியாலதான் தூரம் போச்சுன்னு சொல்ல முடியாதுல்ல? அதான் ஒரே மாதிரி அடிச்சத மட்டும் எடுத்தேன்."

ஹாபிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். "வா, போட்டுப் பார்த்துடலாம்."

அரைப் போத்தல் ராக்கெட் திடலின் பாதியில் விழுந்தது. அடுத்தது ஷர்மினியின் நோட்டுப்படி மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதே இருபது தடவை பம்பு. கட்டையை இழுத்தவள் ஷர்மினி. போத்தல் திடலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, செம்பருத்திப் புதருக்குள் போய் விழுந்தது. இன்னும் இரண்டு முறை விட்டார்கள். இரண்டும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். டவுன் பிள்ளைகள் ஷர்மினியைச் சூழ்ந்துகொண்டு நோட்டைக் காட்டச் சொல்லி நச்சரித்தன.

"நான் தப்பாத்தான் சொல்லியிருக்கேன்," என்று ஹாபிஸ் எல்லார் முன்னாலும் சொன்னான். தினேஸ்வரிக்கு அவன் மேல் பெரிய மரியாதை வந்தது.

நிறைவு நாளில் ஷர்மினிதான் பேச வேண்டும் என்று அமீரா சொல்லிவிட்டார். விமலா இரவு வேலை முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடு பஸ் பிடித்து நேராக வந்தாள். உள்ளே வரத் தயங்கியவளைத் தினேஸ்வரி கைப்பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

ஷர்மினி மலாயில் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், நடுவில் ஒரு சொல் வராமல் நின்றுகூடப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. யோசித்து அந்தச் சொல்லைப் பிடித்து மேலே போனாள். முடித்ததும் மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் யாரோ ஒரு சீனத் தகப்பனார் தன் மகனிடம், "அந்தப் பெண் மாதிரி எழுதி வைக்கப் பழகு," என்று மலாயில் சொன்னது தினேஸ்வரியின் காதில் விழுந்தது. பெற்ற வயிறு விமலாவினுடையது. ஆனாலும் தினேஸ்வரிக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

திரும்பும்போது வேனில் விமலா மகளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் மகள் பக்கம் திரும்பினாள்.

"பெரிய பெரிய மலாய்ச் சொல்லா சொன்ன. அம்மாவுக்குப் பாதி புரியலடி. தமிழ்ல சொல்லு, அந்தத் தண்ணி என்னதான் பண்ணுது?"

தினேஸ்வரி வானொலியை அணைத்தாள். பின்னாலிருந்த ஆறு பிள்ளைகளும் பேச்சை நிறுத்தின. ஷர்மினி நோட்டை மடியில் விரித்து, முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.