கண்ணை வெளுக்கிற மருந்து

பெர்சிக்குச் சாராய வாடையே ஆகாது. ஆனால் கண் மட்டும் குடிகாரன் கண் மாதிரிச் சிவந்திருக்கும். ஹார்பரில் நிலக்கரி இறக்குகிற தளத்தில் லோடர் ஓட்டினான். கரித்தூசி செய்த வேலை அது. ஜெமிமாவைப் பெண் பேசி முடிக்கிறவரை அதை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஜெமிமாவின் அப்பா இனிகோ, கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர். யாரோடு பேசினாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார். பெர்சியைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

மெடிக்கலில் கண்சிவப்புக்குச் சொட்டு மருந்து வாங்கினான் பெர்சி. விட்ட கொஞ்ச நேரத்தில் கண் சங்கு மாதிரி வெளுத்தது. மாமாவைப் பார்க்கப் போகும்போது மட்டும் என்றுதான் ஆரம்பித்தான். மருந்து வேகம் இறங்கியதும் கண் முன்னைவிட மோசமாகச் சிவந்தது. அதற்கும் அதையே விட்டான். பிறகு பல் தேய்க்குமுன் ஒருதரம், சாப்பிட்டதும் ஒருதரம், காரணமில்லாமல் ஒருதரம் என்றானது.

ஒரு ஞாயிறு பூசைக்குத் தாராளமாகவே விட்டுக்கொண்டு போனான். கண்மணி விரிந்து வெயில் கூசியது. முகங்களெல்லாம் கலங்கித் தெரிந்தன. கோயில் படியில் இடறி, மாமா என்று நினைத்து ஒரு தூணுக்கு வணக்கம் சொன்னான். மாமா தூணுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அன்றே இனிகோ பெர்சி வீட்டுக்கு வந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார். பெர்சி மருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினான். அது காரியத்தை இன்னும் கெடுத்தது.

"குடிக்கிறவன்தான் இப்படி மறைப்பான்" என்றார் இனிகோ.

ஒரு மிடறுகூடக் குடிக்காமல் குடிகாரன் பட்டம் வாங்கியதில் பெர்சிக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னும் சிவக்குமே என்று அடக்கிக்கொண்டான்.

மறுநாள் ஜெமிமா இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிக் கண் டாக்டர் அனிஷாவிடம் கூட்டிப்போனாள். டாக்டர் கண் அழுத்தம்வரை பார்த்துவிட்டு விளக்கினார். அந்தச் சொட்டு ரத்தக்குழாயைச் சுருக்குமாம். வேகம் போனதும் குழாய் முன்னைவிட விரியுமாம். இப்போது கண்ணைச் சிவக்க வைப்பதே மருந்துதானாம்.

"நிறுத்திட்டா சரியாயிருமா?" என்றார் இனிகோ.

"முதல்ல கூடும். கொஞ்ச நாள் கழிச்சுத் தன்னால இறங்கும். வேலையில தூசிக் கண்ணாடி போடணும்."

"அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், டாக்டர்" என்றாள் ஜெமிமா. இனிகோ, ஆமாம் என்று தலையாட்டினார்.

நிச்சயத்தன்று பெர்சியின் கண் வற்றல் மிளகாய் நிறத்தில் இருந்தது. இனிகோ மண்டப வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் தாமாகவே, மாப்பிள்ளை குடிக்கமாட்டான், அது மருந்துக் கோளாறு என்று சொன்னார். அதுவரை கவனிக்காதவர்களும் மேடைக்குப் போய் உற்றுப் பார்த்தார்கள்.

போட்டோக்காரர், கம்ப்யூட்டரில் கண்ணை வெளுப்பாக்கித் தரட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

"வேண்டாம்லே, உள்ளபடியே இருக்கட்டும்" என்றார் இனிகோ.

படம் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. பெர்சியின் கண் தெளிந்து வெகுநாளாயிற்று. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இனிகோ இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.